ஒயர் மாட்டாத குழாயில் மூன்று முகங்கள்

ஒயரே மாட்டாத குழாய்க்குள் கரண்ட் புகுந்துவிட்டது என்று நான் நம்பினேன்.

சிரிக்க வேண்டாம். மைக் செட் தொழிலிலேயே தலை நரைத்தவனுக்கு உலகத்தில் எந்தச் சத்தத்துக்கும் ஒரே காரணம்தான் உண்டு. 'ம்ம்ம்' என்று கேட்டால் எர்த் சரியில்லை. 'கரகர' என்றால் ஒயர் லூஸ். 'கூ' என்று ஊளையிட்டால் எவரோ மைக்கைக் கொண்டுபோய் ஸ்பீக்கருக்கு நேரே நீட்டிவிட்டார். 'ஸ்ஸ்ஸ்' என்றால் ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளை அளவுக்கு மேல் திருகியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் என் குடோனில் கேட்டது 'ஸ்ஸ்ஸ்'.

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. வீட்டின் பின்பக்கம் குடோன். அதன் பரணில் பழைய அலுமினியக் கூம்புக் குழாய்களை வரிசையாகப் படுக்க வைத்திருக்கிறேன். கூம்பு கட்டக் கூடாது என்று உத்தரவு வந்த பிறகு அவற்றுக்கு வேலையில்லை. அகலமான வாய் வெளிப்பக்கம், குறுகின கழுத்து சுவர்ப்பக்கம். கழுத்தில் உட்கார்ந்து சத்தத்தை உண்டாக்குகிற யூனிட்டை எல்லாம் கழற்றி வேறு எதற்கோ போட்டாயிற்று. பார்ப்பதற்கு அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் வார்டு மாதிரி இருக்கும்.

அந்த வார்டிலிருந்துதான் சத்தம். ஒரு குழாயிலிருந்து அல்ல, எல்லாவற்றிலிருந்தும்.

நான் செய்த முதல் காரியம், ஓடிப்போய் மெயினை அணைத்தது. சத்தம் நிற்கவில்லை. ஃப்யூஸைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வேறொரு சத்தம்தான் கூடுதலாக வந்தது.

"என்னங்க! மாவு பாதி அரைபட்டு நிக்குது. கரண்டை என்ன பண்ணீங்க?"

அது என் மனைவி கோமதி.

"கோமதி, கிட்ட வராத! குழாய் எல்லாத்துலயும் கரண்டு ஏறியிருக்கு!"

என்னோடு பல வருஷமாகக் குழாய் கட்டும் அந்தோணி, ஏணியில் சாய்ந்தபடி பீடியைக் காதில் செருகினார். "அண்ணே, அதுல யூனிட்டும் இல்ல, ஒயரும் இல்ல. எந்த வழியா ஏறும்?"

"காத்துல வரும் அந்தோணி. செல்போன் டவர் இருக்குல்ல?"

"அப்ப கொடியில காயுற துணியும் பாடுமே அண்ணே."

நியாயமான கேள்வி. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். ரப்பர் செருப்பு. ஷாக் அடிக்காதல்லவா?

கோமதியின் தீர்ப்பு

கோமதி வந்து அரை நிமிஷம் காது கொடுத்துக் கேட்டாள். "இது பாம்பு" என்றாள்.

அவ்வளவுதான். கரண்ட் என்றால் எனக்குப் பயம். பாம்பு என்றால் பயத்துக்கு அடுத்த வகுப்பு. ஒரு பாம்பு அல்ல, குழாய்க்கு ஒன்று வீதம் பரண் முழுக்கப் பாம்புகள் படமெடுத்து நிற்பதாக எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பார்க்கவே தேவைப்படவில்லை.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் பதற்றம் புதிதல்ல. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சாம்பிள் சொல்கிறேன். வையம்பட்டிப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாலிருந்து புகை வருவதைப் பார்த்தேன். பக்கத்தில் பக்தர்களுக்கு வைத்திருந்த நீர்மோர் அண்டாவைத் தூக்கி அப்படியே கவிழ்த்துவிட்டேன். புகை, பின்னால் பூசாரி போட்ட சாம்பிராணி. ஆம்ப்ளிஃபயர் அதற்கப்புறம்தான் நிஜமாகவே புகைந்தது. கச்சேரிக்காரர் மீசையிலிருந்து கொத்தமல்லியை எடுத்துப் போட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

அப்படிப்பட்டவன் டார்ச்சோடு ஏணியில் ஏறினேன் என்றால் வீரம் காரணமில்லை. கோமதி பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் காரணம்.

நடுக்குழாயின் வாய்க்குள் டார்ச்சை அடித்தேன். கழுத்தின் ஓட்டை வழியாக, சுவருக்கும் குழாய்களுக்கும் நடுவிலிருந்த இடுக்கு தெரிந்தது. அங்கிருந்து ஒரு வெள்ளை முகம் என்னைப் பார்த்தது. நெடுக்காக வெட்டின ஆப்பிள் மாதிரி முகம். நடுவில் இரண்டு கறுப்பு விதை. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே சின்னதாக ஒன்று. மூன்றும் ஒன்றாக வாயைத் திறந்து, குழாயின் கழுத்துக்குள் நேராக, 'ஸ்ஸ்ஸ்ஸ்!'

யூனிட் இல்லாத குழாய்க்கு யூனிட்டாக அவை உட்கார்ந்திருந்தன!

நான் இறங்கினேன் என்று எழுதத்தான் ஆசை. விழுந்தேன். கீழே பந்தல் துணி மூட்டை இருந்ததால் இந்தத் தொடர் இத்தோடு முடியாமல் போயிற்று.

"கூகைக் குஞ்சுண்ணே" என்றார் அந்தோணி, மேலே ஏறிப் பார்த்துவிட்டு. "வெள்ளைக் கூகை. பசியில சீறுதுங்க." பிறகு குரல் மாறிற்று. "அண்ணே, சின்னதோட கால்ல என்னவோ சுத்தியிருக்கு."

பழைய யூனிட்டுக்குள் சுருளாகச் சுற்றியிருக்கிற 'காயில்' பிரிந்து வந்த கம்பி. தலைமுடி கனம்தான் இருக்கும் அந்தச் செம்புக் கம்பி. கடைக்குட்டியின் காலில் சுற்றிச் சுற்றி இறுகி, பாதம் திராட்சை நிறத்தில் வீங்கியிருந்தது.

குட்டியானையில் ஒரு பயணம்

திருவெள்ளறை ரோட்டில் அடிபட்ட பருந்து, ஆந்தைகளைப் பார்க்கிற மையம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அதன் திறப்பு விழாவுக்கு மைக் செட் கட்டியதே நான்தான். "பறவைகளுக்குச் சத்தம் ஆகாது, மைக் வேண்டாம்" என்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னதால் கட்டிய வேகத்தில் அவிழ்த்தோம். தொழிலில் எனக்கு அப்படி ஒரு அவமானம் அதற்கு முன்னால் நடந்ததில்லை.

அவருக்கே போன் போட்டேன். கம்பியை இழுக்காதீர்கள், குஞ்சை மட்டும் துணியில் பொதிந்து அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள், மற்ற இரண்டையும் தொடாதீர்கள், வனத்துறைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். ஆம்ப்ளிஃபயர் வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, அந்தோணி மடியில் வைத்துக்கொள்ள, என் குட்டியானையை எடுத்தேன்.

சரக்கு ஏற்றுகிற சின்ன வண்டிக்கு எங்கள் பக்கம் குட்டியானை என்று பெயர். என்னுடையது பெயருக்கேற்ப பிளிறவும் செய்யும். சைலன்சரில் ஒரு தகடு கழன்று, 'கடகட கடகட' என்று ஒரு தாளம். நான் டோல்கேட்டில் வரும் சத்தம் கேட்டாலே கோமதி வீட்டில் காபிக்குப் பாலை வைத்துவிடுவாள்.

சிக்னலில் பெட்டி சீறியது. பக்கத்து வண்டிக்காரர் ஹெல்மெட்டைத் திறந்தார். "என்ன சார், பாம்பா?"

"கூகைங்க. கால்ல அடி."

"அய்யோ, அது ஆகாதுங்களே! வீட்டுல வந்து உக்காந்தா..."

"எங்க வீட்டுல ஏற்கெனவே நான் உக்காந்திருக்கேன் சார். இதுக்கு மேல என்ன ஆகப்போகுது?"

சொன்னேனே தவிர, பச்சை விழுவதற்கு முன்பே வண்டியை எடுத்துவிட்டேன்.

மையத்தில் காத்திருந்த டாக்டரம்மா பெயர் ஷமீமா, பாலக்கரைக்காரர். ஒல்லியான மனுஷி, தடித்த கண்ணாடி. பெரிய லென்ஸை நெற்றியில் கட்டிக்கொண்டு, ஊசி முனையாலும் சின்னக் கத்தரியாலும் அந்தக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எடுத்தார். நான் மூச்சு விட்டால் கை ஆடும் என்று என்னை வெளியே அனுப்பினார். அந்தோணியை இருக்கச் சொன்னார். அவர் பீடி குடிப்பவர், மூச்சே கொஞ்சம்தான் விடுவார்.

டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். "கால் பிழைக்கும், இன்ஷா அல்லா. ஆனா தினம் மருந்து வச்சுக் கட்டணும். இங்கதான் இருக்கணும் சார். ஆறின உடனே தாய்கிட்டயே திருப்பிக் கொடுத்துடணும்."

"தாய் சேக்குமாங்க? மனுஷன் கை பட்டுருச்சே?"

"அதெல்லாம் சேக்கும். என் கவலை அது இல்ல. குஞ்சு மனுஷனைப் பழகிடக் கூடாது. சோறு போடுறவன் மனுஷன்னு ஒரு தடவை மனசுல பதிஞ்சா, அப்புறம் பறக்க விட்டாலும் மனுஷனைத் தேடித்தான் வரும். கல்லால அடிப்பாங்க, இல்ல வண்டியில அடிபடும். பிழைச்சா காலம் பூரா கூண்டு."

சாயங்காலம் இரை கொடுக்க ஆள் போதவில்லை என்று சொல்லிக்கொண்டே போனார். நான் கையைத் தூக்கிவிட்டேன். ஸ்கூல் பையன் மாதிரி. ஏன் தூக்கினேன் என்று இன்றுவரை என் கையைத்தான் கேட்க வேண்டும்.

"ஒரே நிபந்தனை" என்றார் டாக்டரம்மா. "குஞ்சு முன்னாடி வாயே திறக்கக் கூடாது."

அந்தோணி சிரித்த சிரிப்பில் கூண்டிலிருந்த பருந்து திரும்பிப் பார்த்தது.

வாய் கட்டிய மைக் செட்காரன்

மையம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாந்தோப்பு, தென்னங்கீற்றும் வலையும் போட்ட கொட்டகைகள், ஒரு ஆஸ்பத்திரி அறை. மாஞ்சா நூலில் இறக்கை அறுந்த கரும்பருந்து ஒன்று. யார் போனாலும் வட்டி கேட்கிற முகத்தோடு பார்க்கும். கண்ணாடிச் சுவரில் மோதின வல்லூறு ஒன்று. கைப்பிடி அளவுதான், கோபம் மட்டும் ஆளுயரம். மரம் வெட்டியதில் கூடிழந்த புள்ளி ஆந்தைக் குஞ்சுகள். தலையை மேலும் கீழும் ஆட்டி, நான் எது சொன்னாலும் ஆமாம் போடத் தயாராக இருக்கும். என் வாழ்க்கையில் அப்படியொரு சபை எனக்கு அமைந்ததேயில்லை. ஆனால் பேசத்தான் அனுமதி கிடையாது.

குஞ்சு மனித உருவத்தைப் பார்க்கக் கூடாது என்பதால் தலை முதல் கால் வரை சாம்பல் நிறப் போர்வை. கண்ணுக்கு நேரே கொசுவலைத் துண்டு. கையில் கூகை முகம் தைத்த உறை. அதன் அலகுக்குள் ஒளிந்திருக்கும் இடுக்கியால் எலித் துண்டை நீட்ட வேண்டும். முகத்தைத் தைத்தது கோமதி. எங்கள் தலையணை உறை ஒன்று அதற்காகத் தியாகம் ஆனது.

போர்வையை வீட்டில் போட்டுக் காட்டினேன். சுற்றி வந்து பார்த்தாள். "கல்யாண வீட்டுல சாம்பார் அண்டாவை மூடி வச்ச மாதிரி இருக்கீங்க."

பெயர் வைக்கவும் கூடாதாம். பெயர் வைத்தால் கூப்பிடத் தோன்றும், கூப்பிட்டால் பழகும். நான் மனசுக்குள் மட்டும் வைத்துக்கொண்டேன். பரணில் இருந்த மூத்தது பேஸ். நடுவிலது ட்ரெபிள். என்னிடம் வந்த கடைக்குட்டி, எக்கோ.

எலி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு இடுக்கியை நீட்டினேன். போர்வைக்குள் கண்ணை மூடினால் யாருக்குத் தெரியும்? எக்கோவுக்குத் தெரிந்தது. எலியை விட்டுவிட்டு என் கட்டைவிரலைக் கவ்வியது. கத்தக் கூடாது என்பதால் ஒற்றைக் காலில் நின்று ஆடினேன். இந்தத் தொழிலில் நான் சத்தமில்லாமல் கொடுத்த முதல் நிகழ்ச்சி அதுதான்.

பிறகு அந்த நாள் வந்தது. எக்கோ இரை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. கழுத்தை நீட்டியது, குறுக்கியது. கண்ணை இறுக்கி மூடியது. வாயை அகலத் திறந்து, கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கறுப்பு உருண்டையைத் தரையில் தள்ளியது. பளபளவென்று, ஈரமாக.

குடல்! குடலைக் கக்கிவிட்டது!

கத்த முடியாது. போர்வையைக் கழற்ற முடியாது. நான் அப்படியே ஓடினேன். கொசுவலை மூக்குக்கு நழுவிப் பாதை தெரியவில்லை. கரும்பருந்துக் கொட்டகையில் ஒரு முட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஒரு கால். ஆஸ்பத்திரி அறைக்குள் விழுந்து, கூகை உறையை வயிற்றில் வைத்து வாய்வழியாக வெளியே இழுத்து இழுத்துக் காட்டினேன்.

டாக்டரம்மா எழுந்துவிட்டார். "சார்! நெஞ்சு வலியா? உக்காருங்க, உக்காருங்க! அல்லாவே, யாராவது ஆட்டோ கூப்பிடுங்க!"

இல்லை என்று தலையை ஆட்டினேன். மறுபடி குடலை இழுத்துக் காட்டினேன்.

"வாந்தியா?"

வேகமாக ஆமாம் போட்டேன்.

"எத்தனை தடவை போச்சு? என்ன சாப்பிட்டீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த அறையில் குஞ்சே இல்லை, பேசலாம் என்று.

டாக்டரம்மா அந்த உருண்டையை ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு இடுக்கியால் பிரித்தார். எலி முடி. பல்லுக்குச்சி மாதிரி எலும்புகள். நகம் அளவுக்கு ஒரு எலி மண்டையோடு, மஞ்சள் பற்களோடு. செரிக்காததை எல்லாம் இப்படி மூட்டை கட்டி வெளியே தள்ளிவிடுமாம். தினமும் நடப்பதாம். இதுவரை மற்றவர்கள் முறையில் நடந்திருக்கிறது, எனக்குத்தான் தரிசனம் கிடைக்கவில்லை.

"நல்லா செரிச்சிருக்கு. குஞ்சு ஆரோக்கியமா இருக்கு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்குத்தான் ஒரு பிரஷர் பாத்துடலாம்" என்றார்.

பேசாத வாய், பேசிய வண்டி

காலில் வீக்கம் வடிந்தது. திராட்சை நிறம் போய் ரோஜா நிறம் வந்தது. ஒரு நாள் எக்கோ அந்தக் காலை ஊன்றி நின்று, எலித் துண்டை மிதித்துப் பிடித்துக் கிழித்தது. போர்வைக்குள் நான் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன். என் பிள்ளை ப்ளஸ் டூ பாஸானபோதுகூட இரண்டு கால்களும் ஒன்றாகத் தரையை விட்டதில்லை.

வாயை நான் திறக்கவேயில்லை. ஒரு தும்மலைக்கூட வெளியே போய்த்தான் தும்மினேன்.

ஆனால் ஒரு சாயங்காலம் டாக்டரம்மா என்னை வாசலிலேயே நிறுத்தினார். முகம் சரியில்லை.

"சார், நாளைக்கு வரும்போது வண்டியை மெயின் ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்து வாங்க."

"ஏங்க?"

"உங்க வண்டி திரும்புற சத்தம் கேட்டதும் குஞ்சு எந்திரிச்சு வாசல் பக்கம் வந்து இரை கேக்குது. நேத்து பாத்தேன், இன்னிக்கும் பாத்தேன்."

மனிதக் குரல் கேட்கக் கூடாது என்று வாயைக் கட்டினேன். மனித முகம் தெரியக் கூடாது என்று சாம்பார் அண்டாவானேன். சைலன்சரை யாரும் யோசிக்கவில்லை! என் தாளம், அந்தக் கடகட, அதுதான் அதற்குச் சோற்று மணி. அம்மா என்றால் நான்கு சக்கரம் என்று அது முடிவு செய்துவிட்டது.

"இது இப்படியே பதிஞ்சா?"

"பறக்க ஆரம்பிச்சதும் வண்டிச் சத்தத்துக்குக் கீழ இறங்கும் சார். ரோட்டுல."

நான் வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் ஒளித்தேன்.

"இன்னும் கொஞ்ச நாள் வச்சுக் கால் பலமாகட்டும்னு நினைச்சேன். இனி வைக்க முடியாது. நாளைக்கே கூட்டுல சேக்கணும். தாய் கொடுக்கிற இரையைத் தின்னுச்சுன்னா இது மறந்துடும். தின்னலைன்னா..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொரு பயமும் இருக்கு. மூத்ததுங்க ரெண்டும் இப்ப பெருசாயிடுச்சு. பசி நேரத்துல கூகைக் குஞ்சுங்க சின்னதைக் கொத்திடறதும் உண்டு."

வீட்டுக்கு வந்து கோமதியிடம் சொன்னேன். அவள் என் எதிரிலிருந்த தோசையை எடுத்துக்கொண்டு போய் மறுபடி சூடாக்கிக் கொண்டு வந்தாள். நான் சாப்பிடாமல் ஆற விட்டிருந்தேனாம்.

பேஸ் பாக்ஸுக்குள் ஒரு குடும்பம்

பரணில் பேஸும் ட்ரெபிளும் வசதியாகத்தான் இருந்தன. கம்பிக் குப்பையில் இருக்கக் கூடாது என்று டாக்டரம்மா ஆரம்பத்திலேயே வந்து, அதே இடத்தில் ஒரு பெட்டி வைத்து அவற்றை மாற்றிவிட்டார். பெட்டி என்னுடைய கைங்கர்யம். அடித்தொனிக்கு வைக்கிற பேஸ் பாக்ஸ் ஒன்று எரிந்துபோயிருந்தது; அதில் ஸ்பீக்கரைக் கழற்றினால் கூகை நுழைய அளவெடுத்தாற்போல் வட்ட வாசல். உள்ளே பஞ்சுகூட ஒட்டியிருந்தது; அதை அவர் பிய்த்து எறியச் சொன்னார். காலில் சுற்றுமாம். அவருக்குச் சுற்றுகிற எதுவும் ஆகாது.

தாயும் தகப்பனும் குடோன் ஜன்னல் வழியாக வந்து வந்து எலி கொடுத்தன. இது தெரிந்த ஒரு கல்யாண வீட்டுக்காரர், "ஆந்தை உக்காந்த பாக்ஸை எங்க மண்டபத்துக்கு அனுப்பிடாதீங்க" என்று போனில் சொன்னார். "அது இப்ப காலி இல்லீங்க, குடித்தனம் இருக்கு" என்றேன்.

பெட்டிக்குள் அந்தோணி ஒரு கேமரா பொருத்தினார், இருட்டிலும் தெரிகிற ரகம். அதை எங்கள் வீட்டு டிவியில் இணைத்தோம்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்துக்கு டாக்டரம்மா எக்கோவைப் பெட்டியில் விட்டு இறங்கினார். டாக்டரம்மா, கோமதி, நான் மூன்று பேரும் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அந்தோணி ஒரு வளைகாப்புக்குப் போட்ட பாக்ஸ்களை எடுத்துவரப் போயிருந்தார். என் வண்டிச் சத்தம் எக்கோவுக்குக் கேட்கக் கூடாது என்று ஆட்டோவில் போகச் சொல்லியிருந்தேன்.

கோவில் பக்கமிருந்து நாதஸ்வரம் லேசாகக் கேட்டது. கோமதி மடியில் பூத்தொடுக்கிற நாரை வைத்துக்கொண்டு ஒரு பூவும் தொடுக்காமல் இருந்தாள். அவளுடைய சீரியல் ஓடுகிற நேரம். ரிமோட்டைத் தொடவில்லை.

டிவியில் சாம்பல் நிறத்தில் மூன்று உருவம். பேஸும் ட்ரெபிளும் ஒரு மூலையில். எதிர் மூலையில் எக்கோ, அவற்றில் பாதிதான் இருந்தது. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் மாதிரி.

பேஸ் எழுந்தது. தலையைத் தாழ்த்தி, இறக்கையை விரித்து, ஆடி ஆடி எக்கோவை நோக்கி நடந்தது. கிட்டே போய், அதன் தலைக்கு நேர் மேலே வாயைத் திறந்தது.

"கொல்லுது! டாக்டரம்மா, கொல்லுது!" நான் எழுந்து ஓடினேன். ஏணியின் முதல் படி வரை போயிருப்பேன். சட்டைக் காலரை யாரோ பின்னாலிருந்து பிடித்தார்கள். அவ்வளவு ஒல்லியான மனுஷிக்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வந்தது?

"இப்ப ஏறினீங்கன்னா தாய் இன்னிக்கு உள்ள வராது. வந்து உக்காருங்க."

"அது கொத்திடும்மா!"

"கொத்தினா நான் ஏறுறேன். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். கோமதி என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். டிவியில் பேஸ் கொத்தவில்லை. எக்கோவின் தலை இறகை அலகால் கோதிக்கொண்டிருந்தது. அல்லது கொத்த இடம் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

அப்போது தெருமுனையில், 'கடகட கடகட.'

ஆட்டோ கிடைக்கவில்லையாம், அந்தோணி என் குட்டியானையையே எடுத்துப் போயிருக்கிறார்!

டிவியில் எக்கோ தலையைத் தூக்கியது. பேஸைத் தாண்டி, சத்தம் வந்த திசைக்குக் கழுத்தை நீட்டியது. வாசல் ஓட்டையை நோக்கி நொண்டி நொண்டி வந்து, வாயைத் திறந்து, 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்றது. என் வண்டியிடம் சோறு கேட்டது.

டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடு அசைந்தது. வண்டி வாசலில் வந்து, ஒரு பிளிறல் பிளிறி, அணைந்தது. உள்ளே வந்த அந்தோணி எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, வைக்கப்போன காலை அப்படியே தூக்கியபடி நின்றார்.

எக்கோ ஓட்டையருகிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. வண்டி இரை தரவில்லை. மறுபடி கேட்டது. தரவில்லை.

டிவி முழுக்க வெள்ளையாயிற்று. அது இறக்கை. தாய்! வட்ட வாசலில் வந்து உட்கார்ந்தது, அலகில் எலி, வால் தொங்கிக்கொண்டு. மூன்றும் சேர்ந்து சீறிய சீறலில் கூடத்து ஸ்பீக்கர் அதிர்ந்தது. பேஸ் இரண்டையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து எலியைப் பிடுங்கியது. தாய் போய்விட்டது.

"போச்சு" என்றேன்.

"சும்மா இருங்க" என்றாள் கோமதி.

பேஸ் எலியைக் கவ்வியபடியே நின்றது. விழுங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, ட்ரெபிளைச் சுற்றிக்கொண்டு எக்கோவிடம் வந்தது. எலியை அதன் வாயில் வைத்தது. எக்கோ தலையைப் பின்னால் சாய்த்து, தாய் கொண்டுவந்த அந்த இரையை, வால் கடைசியாக உள்ளே போகும் வரை, முழுசாக விழுங்கியது.